தேயிலைத் தோட்டத்தில் கேமரா எவ்வளவு நேரம் நிற்கும்?

தத்துவப் படம் என்றதும் யாராவது வாழ்க்கையைப் பற்றி நீளமாகப் பேசணும் என்று எதிர்பார்க்கிறோம். யதார்த்தப் படம் என்றால் அழுக்குச் சட்டையும் ஒழுகுற கூரையும். ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி.

விட்டோரியோ டி சிக்கா 1952இல் எடுத்த இத்தாலியப் படம் 'உம்பெர்ட்டோ டி'. அதில் ஒரு காலைப்பொழுது. வேலைக்காரப் பெண் மரியா எழும்பி சமையலறைக்கு வருகிறாள். அடுப்பைப் பற்றவைக்கிறாள். சுவரில் ஊரும் எறும்புகளைத் தண்ணீரால் விரட்டுகிறாள். கோப்பிக்கொட்டை அரைக்கிறாள். உட்கார்ந்தபடியே காலை நீட்டிக் கதவைச் சாத்துகிறாள். கண் கலங்குகிறது, அவள் கர்ப்பிணி. யாரும் எதுவும் பேசவில்லை.

அம்மா மாத்தளைப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து எடுப்பவர். வேலை முடிந்து வந்து என் பக்கத்தில் இருந்து இதைப் பார்த்தவர், "இவளும் காலாலதான் கதவ சாத்துறாளா?" என்று சிரித்தார். பாஷை விளங்காமலே படம் முடியும்வரை எழும்பவில்லை.

பிரெஞ்சு விமர்சகர் ஆந்த்ரே பசான் கொண்டாடிய காட்சி இது. சின்ன வேலைகளுக்கான நேரத்தையும் சுருக்காமல் ஓடவிடணும், என்ன நினைப்பது என்பதைப் பார்ப்பவரிடமே விடணும் என்பது அவருடைய நிலைப்பாடு. அப்படியானால் யாருடைய நேரத்துக்கு மதிப்பு உண்டு? எனக்கு அது ஒரு தத்துவக் கேள்விதான். வசனம் இல்லாமலே கேட்கப்படுகிறது.

நம்ம நாட்டில் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1956இல் 'ரேகாவ' படத்துக்காக ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்தார். பெரிய பாய்ச்சல். ஆனால் வெளியே வந்தால் மட்டும் யதார்த்தம் வந்துவிடாது. தேயிலை மலையில் எத்தனை பாட்டு எடுத்திருக்கிறார்கள்! மலையும் நிஜம், கொழுந்தும் நிஜம். நாயகி ஓடும்போது, பின்னால் கூடையோடு நிற்கும் பெண்கள் சில செக்கனில் மறைந்துவிடுவார்கள். அம்மாவின் ஒரு முழுநாள் அவ்வளவுதான்.

லயத்தைக் காட்டவென்றே எடுத்த படங்களிலும் ஒரு சிக்கல். ஒழுகுற கூரை, அழுற பெண், சோக இசை. பரிதாபப்படு என்று நமக்கு உத்தரவு வந்துவிடுகிறது. அந்த வீட்டில் யாரும் சிரிப்பதாகவே தெரியாது.

போனில் குறும்படம் எடுக்கிற நண்பர்களே, பெரட்டுக்களத்துக்குக் கிளம்பும் முன் ஒரு அம்மா அடுப்படியில் இருக்கிற அரை மணித்தியாலத்தை, அவரிடம் கேட்டுவிட்டு, அப்படியே எடுத்துப் பாருங்க. பிறகு எடிட் பண்ண உட்காருங்க. எந்த இடத்தை வெட்ட மனசு வருதோ, அதைத்தான் நீங்க முக்கியமில்லைன்னு நினைச்சிருக்கீங்க.