தண்ணி எப்படி வருது?

ஃப்ரிட்ஜ் வாங்க வருகிறவர்களிடம், "சாயங்காலம் மிக்ஸி போட்டா லைட்டு மங்குதாங்களா?" என்றுதான் நான் முதலில் கேட்பேன். லிட்டரும் கலரும் ஆஃபரும் பேச வேண்டியவன் வீட்டு லைட்டை எதற்குக் கேட்கிறான் என்று டவுன்காரர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். கல்வராயன் மலையில் கரியாலூர், சேராப்பட்டு, இன்னாடு பக்கமிருந்து இறங்கி வருகிற பெண்களுக்கு இந்தக் கேள்வி உடனே பிடிபட்டுவிடும். "ஆறு மணிக்கு மேல மிக்ஸி உறுமுதுண்ணா, சுத்த மாட்டேங்குது" என்பார்கள். மீட்டர் வைத்து அளந்து சொன்னாற்போல அது எனக்குப் போதும். ஃப்ரிட்ஜின் நெற்றியில் ஸ்டெபிலைசர் வேண்டாம் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். எந்த வோல்டேஜிலிருந்து எந்த வோல்டேஜ் வரை என்பது பொடி எழுத்தில் வேறெங்கோ இருக்கும். அதைத் தேடிப் படித்துக் காட்டிவிட்டு, அந்த வீட்டுக்கு ஸ்டெபிலைசர் வேண்டுமா வேண்டாமா என்று இருவருமாக முடிவு செய்வோம்.

அப்புறம் மூன்று துளை ப்ளக் இருக்கிறதா, எர்த் கம்பி இறக்கியிருக்கிறதா, வாசல் எத்தனை அங்குலம், எந்த வண்டியில் ஏற்றுகிறீர்கள் என்று கேட்பேன். வண்டியைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது வளைவுக்கு வளைவு வண்டி சாயும். ஆட்டம் காணக் கூடாது என்று ஃப்ரிட்ஜைப் படுக்கப் போட்டுக் கட்டிவிடுவார்கள். கம்ப்ரஸரில் இருக்கும் எண்ணெய் குழாய்க்குள் ஏறிவிடும். வீட்டில் இறக்கிய கையோடு ஸ்விட்ச் போட்டால் புது ஃப்ரிட்ஜ் முதல் நாளே கெட்டுப்போகலாம். நிற்க வைத்தே கொண்டுபோங்கள், தவறிப் படுக்கப் போட்டிருந்தால் ராத்திரி முழுக்க நிற்க விட்டுக் காலையில் போடுங்கள் என்று பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுப்பேன்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஸ்டார் லேபிளில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருப்பார்கள். ஆண்டுக் கணக்கில் யாருக்கும் கரண்ட் பில் வருவதில்லை. நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங். 2016-லிருந்து அதில் முதல் 100 யூனிட் இலவசம். அதனால் லேபிளில் இருக்கும் எண்ணை ஆறால் வகுத்துச் சொல்வேன். 180 யூனிட் என்று இருந்தால் ஒரு பில்லுக்கு 30. "உங்க நூறுல முப்பது இதுக்குப் போயிடும்மா, மீதி எழுபதுல ஃபேன், லைட்டு, டிவி." இப்படிச் சொன்னால் ஐந்து ஸ்டார், மூன்று ஸ்டார் என்று பாடம் எடுக்க வேண்டியதில்லை. வீட்டுக்காரம்மா தானே கணக்குப் போட்டுக்கொள்வார்.

இதெல்லாம் நான் நேராகக் கற்றுக்கொண்டதில்லை. ஒரு குடும்பத்தின் பணத்தை வீணாக்கிக் கற்றுக்கொண்டேன்.

2009-ல் கள்ளக்குறிச்சியில் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடையில் சேல்ஸ்மேனாகச் சேர்ந்தேன். அப்போது நாங்கள் விழுப்புரம் மாவட்டம். 2019 நவம்பரில்தான் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. 2006-ல் தொடங்கிய இலவசக் கலர் டிவி திட்டத்தால் 14 இன்ச் டிவி மலை வரைக்கும் போயிருந்தது. 2011-ல் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் கொடுக்கத் தொடங்கினார்கள். அந்தச் சமயத்தில் கவுண்டரில் பாதி நேரம் கப்ளருக்கும் ஜார் வாஷருக்கும்தான் போகும். இருபது ரூபாய் வாஷருக்கு வந்தவர் அடுத்த வருஷம் டிவி வாங்க வருவார், அதே ஆளைத் தேடி வருவார். கடையில் நான் கற்ற முதல் பாடம் அது. நல்ல பாடம்தான். ஆனால் டார்கெட் என்று ஒன்று வந்தபோது அதை மறந்தேன்.

2014 தீபாவளி நேரம். மாதக் கடைசி. இன்னும் இரண்டு ஃபுல்லி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின் விற்றால் எனக்கு அடுத்த ஸ்லாப் இன்சென்டிவ். ராத்திரி எட்டு மணிக்கு மேல் சேராப்பட்டுப் பக்கமிருந்து கணவனும் மனைவியும் வந்தார்கள். குடகில் எஸ்டேட் வேலைக்குப் போய்த் திரும்பியிருந்தார்கள். அந்த அம்மாவுக்கு வலது மணிக்கட்டு உடைந்து கூடி, துணி பிழிய முடியாமல் இருந்தது. "பட்டனை அமுக்கினா போதும்மா, துவைச்சுப் பிழிஞ்சு குடுத்துடும்" என்றேன். அவருக்கு அது வரம் மாதிரி கேட்டிருக்கும். துண்டில் முடிந்து வந்த பணத்தில் பதினாலாயிரத்துச் சொச்சத்தை எண்ணி வைத்தார்கள். பில் போட்டு, தீபாவளி டப்பாவும் கொடுத்து அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து, பொருத்தப் போன சர்வீஸ் பையன் போன் செய்தான். "அண்ணே, இந்த வீட்டுல குழாயே இல்லண்ணே."

ஃபுல்லி ஆட்டோமேட்டிக் மெஷினுக்கு மேல்தொட்டியிலிருந்து குழாய் வழியே அழுத்தத்தோடு தண்ணீர் வர வேண்டும். தண்ணீர் உள்ளே வந்தால்தான் அடுத்த வேலையைத் தொடங்கும். செமி ஆட்டோமேட்டிக் என்றால் குடத்திலிருந்து ஊற்றினாலே போதும், துணியை எடுத்துப் பக்கத்துத் தொட்டியில் போட்டால் பிழிந்து கொடுத்துவிடும். விலையும் குறைவு. அந்த அம்மாவின் கைக்கு வேண்டியிருந்தது அதுதான். கடையில் அன்றைக்கு நாலு செமி இருந்தது.

அட்டையைப் பிரித்த பொருளைத் திருப்பி எடுக்க முடியாது என்று கடையில் சொல்லிவிட்டார்கள். வார லீவில் பஸ் ஏறி நான் மலைக்குப் போனேன். வீட்டு மூலையில் மெஷின் நின்றது. மேலே பழைய புடவை போர்த்தி, அதன் மேல் சாமை மூட்டை அடுக்கியிருந்தது. தெருக் கோடியில் இருக்கும் பொதுக் குழாயிலிருந்து குடத்தில்தான் வீட்டுக்குத் தண்ணீர் வந்தது. அந்த அம்மா எனக்கு வரக்காப்பி போட்டுக் கொடுத்தார். கணவர் திட்டவில்லை. "நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனே தம்பி" என்றார்.

அந்த மெஷினைச் சின்னசேலத்தில் ஒரு வீட்டுக்குப் பத்தாயிரத்துக்குப் பேசிக் கொடுத்து, ஒரு செமி வாங்கி ஏற்றிவிட்டேன். மீதிப் பணத்தில் வண்டிச் சத்தம் போக அவர்கள் கைக்குச் சேர்ந்தது கொஞ்சம்தான். அந்த ஒரு மெஷினை விற்றதற்கு எனக்கு வந்த இன்சென்டிவ் 250 ரூபாய்.

ஏன் கேட்கவில்லை என்று பல நாள் யோசித்திருக்கிறேன். தப்பு என்னுடையது. ஆனால் அந்த ராத்திரி எட்டு மணிக்கு என் உடம்பு எப்படி இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். காலை ஒன்பதிலிருந்து நிற்கிறேன். மதியச் சாப்பாடு நாலு மணிக்கு, பத்து நிமிஷம், அதுவும் கோடவுனில் அட்டைப்பெட்டி மேல். ஃப்ளோரில் ஸ்டூல் கிடையாது. சாய்ந்தால் கேமராவில் தெரியும். கெண்டைக்காலில் ஊசி குத்துகிற மாதிரி ஒரு வலி கிளம்பி முட்டி வரைக்கும் ஏறும். அதற்கு மேல் வாடிக்கையாளர் பேசுவது காதில் விழுமே தவிர மனதில் ஏறாது. வாய் மட்டும் பழகிய வரிகளைச் சொல்லிக்கொண்டிருக்கும். "பட்டனை அமுக்கினா போதும்மா" அப்படி வந்த வரிதான்.

இந்தத் தொழிலில் எல்லாக் கடைப் பையன்களும் உட்காரக் கண்டுபிடிக்கிற இடம் ஒன்று உண்டு. பெரிய டபுள் டோர் ஃப்ரிட்ஜுகளுக்குப் பின்னால், சுவரோரமாக, தெர்மோகோல் துண்டின் மேல். "ஸ்டாக் பார்த்துட்டு வர்றேன்" என்று போய் மூன்று நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வருவோம். எங்களோடு வேலை செய்த பெண்களுக்கு அதுவும் கிடையாது. பாத்ரூம் மூன்றாம் மாடியில், சாவி ஆபீசில். அதனால் அவர்கள் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். சித்திரை வெயிலில், ஏசி ஓடுகிற கடையில், உதடு வெடித்து நின்ற பெண்களை எனக்குத் தெரியும். 2010-ல் வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' வந்தபோது கடைப் பையன்கள் எல்லோரும் இரண்டாம் ஆட்டம் போனோம். சென்னை ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடைக் கதை அது. திரும்பி நடக்கும்போது யாரும் பேசவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. கடைத் தொழிலாளருக்கான சட்டம் 1947-லிருந்தே இருக்கிறது. நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், வாரம் ஒரு நாள் விடுப்பு, கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம், தொடர்ந்து நாலு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வு. எல்லாம் எழுதியிருக்கிறது. நின்று வேலை செய்கிற ஆலைத் தொழிலாளிக்கு உட்கார வசதி செய்து தர வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருந்தது. கடையில் நிற்கிறவனுக்கு அது வர எழுபது வருஷத்துக்கு மேல் ஆனது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை செய்த விஜி என்ற பெண், துணிக்கடைப் பெண்களைத் திரட்டிப் 'பெண்கூட்டு' என்று அமைப்பாக்கிப் போராடினார். 2018-ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் நம் சட்டசபையில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி.கணேசன் திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார, எல்லா ஊழியருக்கும் இருக்கை வைக்க வேண்டும் என்கிறது 22-ஏ என்ற அந்தப் புதிய பிரிவு. செய்தியைப் படித்த அன்று என்னோடு வேலை செய்த ஒரு அக்கா பேப்பரை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

நாங்கள் இருந்த கடைக்கு ஆறு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது. கஸ்டமர் இருக்கும்போது உட்காரக் கூடாது என்ற பேச்சும் கூடவே வந்தது. கஸ்டமர் இல்லாத நேரம் தூசி தட்ட வேண்டும். ஆக ஸ்டூல்கள் பில்லிங் கவுண்டருக்குக் கீழே ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன.

எங்களிலும் கஷ்டம் கூடின ஆள் புரமோட்டர். கம்பெனி டி-ஷர்ட் போட்டுக்கொண்டு கடையில் நிற்பவர். பிராண்டு ஒன்று, சம்பளம் போடுகிற ஏஜென்சி வேறொன்று, வேலை சொல்வது கடை முதலாளி. வேலை போனால் யாரிடம் கேட்பது என்று அவருக்கே தெரியாது. தன் பிராண்டைத் தவிர வேறு எதையும் நல்லது என்று சொல்லக் கூடாது என்று அவர் வாயைக் கட்டியிருப்பார்கள். வாடிக்கையாளருக்கு இது தெரியாது, கடைக்காரப் பையன்தானே என்று நம்பிக் கேட்பார். 2025-ல் பெரிய டிவிக்கும் ஏசிக்கும் ஜிஎஸ்டி குறையப்போகிறது என்ற பேச்சு ஆகஸ்டில் கிளம்பியது. செப்டம்பர் 22-ல் 28 சதவீதம் 18 ஆகும்வரை வந்தவர்கள் எல்லாம் விலை கேட்டுவிட்டுப் போனார்கள். ஃப்ளோர் காலி. டார்கெட்டில் மட்டும் ஒரு பீஸ் குறைக்கவில்லை. அந்த மாதம் ஒரு புரமோட்டர் தம்பி இன்சென்டிவ் இல்லாமல் வாடகை கட்டப் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

தவணை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் ரேடியோவையும் கடிகாரத்தையும் தவணைக்குக் கொடுத்து ஏழை வீடுகளுக்குக் கொண்டுபோனது விஜிபி. அங்கே சேல்ஸ்மேனாக இருந்த வசந்தகுமார்தான் 1978-ல் வசந்த் அண்ட் கோ தொடங்கினார். அதனால் தவணையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இப்போதைய இஎம்ஐ மாதச் சம்பளக்காரருக்காகச் செய்தது. மாதா மாதம் ஒரு தேதியில் பேங்கிலிருந்து பணம் எடுக்கும், இல்லையென்றால் பவுன்ஸ் சார்ஜ் போடும். மலையில் பணம் மாதா மாதம் வருவதில்லை. மரவள்ளி பிடுங்கும்போது வரும், மக்காச்சோளம் எடைக்குப் போனால் வரும், எஸ்டேட்டுக்குப் போனவர் திரும்பினால் வரும். ஜீரோ வட்டி என்று ஒன்று கிடையாது, பிராசஸிங் ஃபீஸ் என்ற பெயரில் அது வேறு வழியாக வரும் என்று ரிசர்வ் வங்கியே 2013-ல் பேங்குகளுக்குச் சொன்னது. ஒவ்வொரு லோன் ஃபைலுக்கும் எனக்கு இன்சென்டிவ் உண்டு. ஆனாலும், "அறுப்பு எப்பங்க?" என்று கேட்காமல் ஃபைல் போடுவதில்லை. முடிந்தால் அட்வான்ஸ் போட்டுவிட்டுப் போகச் சொல்வேன், பணம் வந்ததும் பொருளை எடுத்துக்கொள்ளட்டும். அப்படிச் சொன்னதற்கு மேலே பேச்சு வாங்கியிருக்கிறேன்.

இப்போது வேறொரு கடையில் ஃப்ளோர் இன்சார்ஜ். கச்சிராயபாளையம் சாலையில் பஸ் இறங்கி நடந்து வருகிற தூரம். முதலாளி நல்ல மனிதர், ஆனால் அவருக்கும் நம்பர் வேண்டும். சேர்ந்த புதிதில் நான் கேட்டது ஒன்றே ஒன்று. ஃப்ரிட்ஜ் வரிசை முன்னால் நாலு ஸ்டூல் போட்டு, வந்தவரையும் உட்காரச் சொல்லி, பேசுகிற பிள்ளையும் உட்கார்ந்து பேசலாம் என்றேன். யோசித்துவிட்டுச் சரி என்றார். பாத்ரூம் சாவியை ஆணியில் மாட்டச் சொன்னேன், அதையும் செய்தார். வேலை நேரம் இன்னும் பத்து மணி நேரத்துக்குக் குறையவில்லை. சீசனில் வார லீவு போகத்தான் செய்கிறது. அதற்கு வருஷா வருஷம் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

இந்த ஆடியில் கரியாலூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி புதிதாகச் சேர்ந்தாள். பன்னிரண்டாவது முடித்தவள். மூன்றாம் நாள், வயதான ஒரு தம்பதி ஃப்ரிட்ஜ் பார்க்க வந்தார்கள். நான் ஏசி பக்கம் இருந்தேன். அவள் இரண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்க பெரியம்மா, பெரியப்பா நீங்களும்" என்றாள். தானும் ஒன்றில் உட்கார்ந்தாள். எடுத்ததும் வாசல் அளவு கேட்டாள். அவர்களுக்குத் தெரியவில்லை. பெரியவர் கையை விரித்துக் காட்டினார், பெரியம்மா அதைவிடக் குறைவாகக் காட்டினார். அவள் அளவு டேப்பை எடுத்து அவர் கையில் கொடுத்து, "அளந்து எழுதிட்டு வாங்க பெரியப்பா, ஃப்ரிட்ஜ் எங்கயும் போயிடாது" என்று அனுப்பிவிட்டாள்.

அன்று அவள் கணக்கில் விற்பனை ஒன்றும் இல்லை. சாயங்காலம் நோட்டில் சைபர் எழுதும்போது என் முகத்தைப் பார்த்தாள். நான் எழுதச் சொன்னேன்.

அடுத்த செவ்வாய் அவர்கள் வந்தார்கள். டேப்போடு ஒரு பீடிக்கட்டுக் காகிதம். அதில் பென்சிலில் இருபத்து மூன்று என்று எழுதியிருந்தது. அவள் காகிதத்தை வாங்கிக்கொண்டு, வரிசையில் நாலாவதாக இருந்த ஃப்ரிட்ஜின் முன் குனிந்து டேப்பை வைத்தாள். இருபத்தொன்று. "கதவைக் கழட்ட வேணாம் பெரியம்மா" என்றாள்.