நாலு மணி டீயும் பக்கத்துத் தட்டும்

2019-ஆம் வருஷம், வைகாசி மாதம். சேலத்தில் என் தம்பி மகளுக்குக் காதுகுத்து. காலையில் எழுந்ததிலிருந்து ஒரே ஓட்டம். மாமியாருக்கு இட்லி, மாட்டுக்குத் தண்ணீர், என்னவருக்கு மத்தியானச் சாப்பாடு என்று எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, மகளோடு சின்னசேலம் ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தேன். பாசஞ்சர் வர இன்னும் கால் மணி நேரம் இருந்தது. கல்வராயன் மலைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் ஞாபகம் இருப்பது, பிளாட்பாரத்து சிமெண்டு பெஞ்சில் என் தலை மகளின் மடியில் இருந்ததும், யாரோ ஒரு அம்மா என் முகத்தில் தண்ணீர் தெளித்ததும்தான்.

"காலையில என்னம்மா சாப்பிட்டே?" என்று கேட்டாள் மகள்.

"டீ குடிச்சேனே."

"அது சரி. என்ன சாப்பிட்டே?"

என்னிடம் பதில் இல்லை.

காதுகுத்துக்குப் போகவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 7.6 கிராம்தான் இருந்தது. பெண்களுக்கு 12-க்குக் குறையக்கூடாது, கர்ப்பிணிகளுக்கு 11-க்குக் குறையக்கூடாது என்றார் டாக்டரம்மா. மாதவிலக்கு எத்தனை நாள், எவ்வளவு போகிறது என்றெல்லாம் விசாரித்துவிட்டு, "ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிப்பீங்க?" என்று கேட்டார்.

விரலை மடக்கி எண்ணினேன். விடியலில் ஒன்று, பால் கறந்ததும் ஒன்று, பத்து மணிக்குப் பசிக்கும்போது ஒன்று, மத்தியானம் சாப்பிட்ட கையோடு ஒன்று, சாயங்காலம் இரண்டு. ஆக மொத்தம் ஆறு!

"பசிச்சா டீ, சாப்பிட்ட உடனே டீ. ரெண்டுமே தப்பும்மா" என்றார். கீரை, பயறு, கேழ்வரகு இவற்றில் இருக்கும் இரும்புச் சத்தை, டீயின் துவர்ப்புச் சத்து வயிற்றிலேயே பிடித்துக்கொள்கிறதாம். உடம்பில் சேர வேண்டியது சேராமலே வெளியே போய்விடுமாம். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது டீ கூடாது, இரும்புச் சத்து மாத்திரையை டீயோடு போடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

ஒரு வாரம் படுத்திருந்தேன். அப்போதுதான் இங்கிலாந்தில் நர்சாக இருக்கும் என் நாத்தனார் மகள் செல்போனில் ஒரு படம் அனுப்பினாள். லங்காஷயரில் கார்ன்ஃபோர்த் என்று ஒரு ரயில் நிலையம். 1945-ல் வந்த 'ப்ரீஃப் என்கவுண்டர்' என்ற பழைய ஆங்கிலப் படத்தை அங்கே எடுத்தார்களாம். படத்தில் வருகிற மாதிரியே பழைய பாணியில் ஒரு டீ அறையும் அங்கே உண்டு. அங்கே உட்கார்ந்து மத்தியான டீ சாப்பிட்டிருக்கிறாள். மேஜைமேல் மூன்றடுக்குத் தட்டு. கீழே சாண்ட்விச், நடுவில் ஸ்கோன் என்கிற பன், மேலே கேக். பக்கத்தில் பீங்கான் கெண்டியில் டீ. "அத்தை, இந்த ஊரில் இதுக்குப் பேர் டீதான். ஆனா வயிறு நிறைஞ்சிடுது" என்று எழுதியிருந்தாள்.

படத்தைப் பார்த்ததும் என் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது. அம்மாவைப் பெற்ற தாத்தா. வெள்ளைக்காரன் காலத்தில் திருச்சி ஜங்ஷனில் சாப்பாட்டு அறையில் பரிமாறும் வேலை பார்த்தவர். சின்ன வயதில் எங்களை உட்கார வைத்துக் கதை சொல்லுவார். "நாலு மணிக்குத் துரைசானிக்கு டிரே போகணும். கெண்டி தனி, பால் தனி, சர்க்கரை தனி. வெண்ணெய் தடவின ரொட்டி ரெண்டாச்சும் கூட இருக்கணும். வெறும் டீ வச்சா வள்ளுனு விழுவா கண்ணு!"

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இந்தப் பழக்கம் 1840 வாக்கில் பெட்ஃபோர்டு சீமாட்டி அன்னா என்பவரால் வந்ததாகச் சொல்கிறார்கள். அங்கே பெரிய வீடுகளில் ராத்திரிச் சாப்பாடு ரொம்ப நேரம் கழித்துத்தான். நடுவில் பசி தாங்காமல் அந்த அம்மாள் டீயோடு ரொட்டியும் கேட்டு வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தாராம். ஆக, பசிக்காக வந்ததுதான் மத்தியான டீ. அவர்கள் பசிக்குப் பலகாரம் தின்றார்கள். டீ துணைக்கு வந்தது. நாமோ பசியை அடக்க டீயைக் குடிக்கிறோம்!

1930-களில் தேயிலை வியாபாரிகளின் வாரியம் நம் ரயில் நிலையங்களில் டீ போடும் முறையை எழுதிப் பலகை மாட்டியது. டீ குடிக்க நாம் நன்றாகவே கற்றுக்கொண்டோம். பக்கத்தில் இருக்க வேண்டிய தட்டுதான் விட்டுப்போனது.

இன்னொன்றும் நினைத்துப் பார்த்தேன். துரைசானிகளுக்கெல்லாம் தட்டு வைத்த தாத்தாவுக்கு, ஆயாவுக்கு ஒரு தட்டு வைக்கத் தோன்றவில்லை. ஆயா அடுப்படியில் நின்றபடியே அலுமினிய டம்ளரில் மிச்ச டீயைக் குடிப்பாள். அவளுக்கும் கேட்கத் தோன்றவில்லை. அம்மாவும் அப்படித்தான், நானும் அப்படித்தான்.

2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் நாடு முழுவதும் நூற்றுக்கு 57 பேருக்கும், தமிழ்நாட்டில் 53 பேருக்கும் ரத்தசோகை என்று தெரிந்தது. எங்கள் தெருவில் வாசலில் நின்று பார்த்தால் அந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது.

அதன் பிறகு வீட்டில் சட்டத்தை மாற்றினேன். காலையில் முதலில் ஏதாவது சாப்பாடு. பழைய சோறானாலும் சரி. மத்தியானம் முருங்கைக் கீரையோ பயறோ, கூடவே எலுமிச்சம்பழம் பிழிந்த ஏதாவது ஒன்று, அல்லது ஒரு கொய்யாப்பழம். புளிப்புப் பழங்களில் இருக்கும் வைட்டமின் சி இரும்புச் சத்தை உடம்பில் சேர்க்குமாம். இரண்டு மணிக்குள் சாப்பிட்டுவிட்டால் நாலு மணிக்கு டீ. பக்கத்தில் ஒரு தட்டு. ஸ்கோனும் கேக்கும் எதற்கு? எங்கள் பக்கம் மல்லாட்டைக்குப் பஞ்சமா? அவித்த மல்லாட்டை, பொரி உருண்டை, சோளக்கதிர், எது இருக்கிறதோ அது. முக்கியமான விஷயம், திண்ணையில் உட்கார்ந்து குடிக்க வேண்டும். ஆறு டீ இரண்டாகக் குறைந்தது. டாக்டரம்மா சொன்ன மாத்திரையையும் விடாமல் சாப்பிட்டேன். ஆறு மாதத்தில் 11.4-க்கு வந்தது. அடுத்த வருஷம் 12-ஐத் தாண்டிவிட்டேன்.

முதல் நாள் மாமியாருக்கும் தட்டு வைத்து, "உட்காருங்க அத்தை" என்றேன். எழுபது வயது வரை உட்கார்ந்து டீ குடித்தறியாதவர். "யாராச்சும் பார்த்தா என்ன நினைப்பாங்க?" என்று மூன்று தடவை எழுந்து போனார். இப்போது நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் தாமதமானாலும் திண்ணையிலிருந்து குரல் வருகிறது: "ஏம்மா, டீ இருக்கட்டும்... தட்டு எங்கே?"

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் நாலு மணி அடிக்கத்தானே செய்கிறது? இன்றைக்கு டீயோடு ஒரு தட்டையும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். வேலை எங்கேயும் ஓடிப்போய்விடாது.