யவீரு காத்து நின்ற நேரம்

செவ்வாய், இரவு

வெள்ளிக்கிழமை வேதபாடத்துக்கு மாற்கு 5, 21 முதல் 43 வரை எடுத்திருக்கிறேன். யவீருவின் மகளுக்கு வயது 12. பெரும்பாடுள்ள ஸ்திரீ நோயோடு போராடியதும் 12 வருஷம். ஒரு சம்பவத்தைத் தொடங்கி, நடுவில் இன்னொன்றைச் சொல்லி, மறுபடி முதலாவதற்குத் திரும்புவது மாற்குவின் வழக்கம். 11-ஆம் அதிகாரத்தில் அத்திமரத்தைச் சபித்ததற்கும் அது பட்டுப்போனதற்கும் நடுவே தேவாலயச் சம்பவம் வருவதும் அப்படித்தான். எல்லோரும் தாங்களாகவே இதைக் கண்டுபிடிக்கும்படி கேள்விகளை வரிசையாக எழுதி வைத்துவிட்டேன்.

வெள்ளி, இரவு

முதல் கேள்விக்கே போகவில்லை.

ஆளுக்கொரு வசனமாக வாசித்து வந்தோம். 26-ஆம் வசனம் சுவரோரம் இருந்த அம்மாவுக்கு வந்தது. வைத்தியர்களிடம் கைப்பொருளெல்லாம் செலவழித்தும் நோய் கூடிப்போனதைச் சொல்லும் வசனம். வாசித்தவர் பைபிளை மடியில் கவிழ்த்து வைத்தார். கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தார். “எங்க வீட்டுலயும் இதே கததான் தம்பி. அவுகளுக்கு வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ். நகையெல்லாம் அடகுல கிடக்கு. சபையில ஒருத்தர்ட்டயும் சொல்லல.”

நோட்டை மூடிவிட்டேன். வசனம் சொல்லித் தேற்ற யாரும் அவசரப்படவில்லை. அதற்காகவே கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறேன். அவர் பேசி முடித்தபின் ஒரு அக்கா, “முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்திருக்கீங்களாம்மா?” என்று கேட்டார். எடுக்கவில்லை. வருமானச் சான்று வாங்குவது எப்படி, கலெக்டர் ஆபீசுக்கு யார் கூடப் போவது என்று பேச்சு நீண்டது. அவருடைய கணவருக்காக ஜெபித்துவிட்டுக் கலைந்தோம்.

சனி, காலை

ஒன்றும் படிக்காமல் வந்து உட்கார்ந்து ‘ஆவியானவர் நடத்துவார்’ என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. வாரமெல்லாம் அந்த அதிகாரத்தோடு இருந்ததால்தான், நேற்றைய பேச்சு பாடத்தை விட்டு விலகவில்லை என்பது உடனே பிடிபட்டது. அந்த ஸ்திரீ உண்மையையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை இயேசுவும் யவீருவின் வீட்டுக்குப் போகிற வழியில் நிற்கிறார். அதற்காக எந்தப் பேச்சுக்கும் பாடத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன். திருமண்டலத் தேர்தல் என்று யாராவது ஆரம்பித்தால் அடுத்த நிமிஷமே வசனத்துக்குக் கூட்டி வந்துவிடுவேன்.

போன வேலை ஒன்று, தெரியவந்தது இன்னொன்று என்பது புதிதல்ல. 1742-இல் பிரிஸ்டலில் ஜான் வெஸ்லியின் ஆட்கள் கட்டடக் கடனை அடைக்க ஒரு வழி பண்ணினார்கள். 12 பேருக்கு ஒரு தலைவர். வாரம் ஆளுக்கு ஒரு பென்னி வசூல். வசூலுக்குப் போனவர்கள் வீடுகளில் குடியையும் சண்டையையும் கண்டு வந்து சொன்னார்கள். வெஸ்லி அந்தத் தலைவர்களிடமே ஆத்தும விசாரணையை ஒப்படைத்தார். மெதடிஸ்ட் வகுப்புக் கூட்டங்கள் அப்படித்தான் பிறந்தன. கடன் வசூலிலேயே குறியாக இருந்திருந்தால் அந்த வீடுகளின் நிலை அவர் காதுக்கு எட்டியிருக்குமா?

ஆனாலும் யவீருவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. மகள் சாகக் கிடக்கிறாள், இயேசு நின்றுவிட்டார். அந்த நேரத்தில் அவன் பேசியதாக ஒரு வார்த்தைகூட மாற்கு எழுதவில்லை. நேற்று எங்கள் நடுவிலும் அப்படி ஒருவன் இருந்தான். பாடத்தை முன்கூட்டியே படித்து, ஓரத்தில் பென்சில் குறிப்புகளோடு வந்த கல்லூரி மாணவன். கடைசிவரை வாய் திறக்கவில்லை. ஒருவருக்காக நிற்கும்போது இன்னொருவர் காத்திருக்கிறார் என்பதையும் நடத்துகிறவன் மறக்கக் கூடாது.

திங்கள்

காலையில் அந்த அம்மாவும் அக்காவும் கலெக்டர் ஆபீசுக்குப் புறப்பட்டுப் போயிருக்கிறார்கள். மாணவனுக்குப் போன் செய்தேன். யவீருவின் வீட்டிலிருந்து மரணச் செய்தி வருகிற 35-ஆம் வசனத்திலிருந்து வரும் வெள்ளி அவன் நடத்துவான். என் கேள்விகளை அனுப்பட்டுமா என்றதற்கு, “வேண்டாம் அண்ணே, எங்கிட்ட நெறைய இருக்கு” என்றான்.