அயல் மண்ணில் ஒரு பண்டிகை

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

பண்டிகை என்றதும் நம் நினைவுக்கு வருபவை யாவை? புத்தாடை, பலகாரம், விடுமுறை, உறவினர் கூட்டம். ஆனால் சற்றே எண்ணிப் பார்த்தால், இவை அனைத்துக்கும் அடியில் சொந்த ஊர் என்ற ஒன்று இருப்பது புலப்படும். அந்த ஊரை விட்டுப் பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால் வாழும் குடும்பம் தன் பண்டிகையை எவ்வாறு கொண்டாடும்? இந்த வினாவுக்கு விடை தேடி நான் நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே விடை அமர்ந்திருந்தது. அவர்தான் என் அப்பத்தா.

அப்பத்தாவுக்கு இப்போது வயது எண்பதைத் தாண்டிவிட்டது. கொடைக்கானல் மலையின் அடிவாரத்தில் உள்ள எங்கள் ஊரில், 1964 முதல் 1972 வரை, ஓர் அமெரிக்க மிஷனரி குடும்பத்தில் அவர் ஆயாவாக வேலை பார்த்தார். கணவர், மனைவி, ஒரு பெண், ஒரு பையன் என்று நால்வர் கொண்ட குடும்பம். அவர்களுடைய பெயர்களை அப்பத்தா ஒருநாளும் சொன்னதில்லை. ‘துரை’, ‘அம்மா’, ‘பெரிய பாப்பா’, ‘சின்னத் தம்பி’ என்றே சொல்வார். நானும் அவ்வாறே எழுதுகிறேன்.

மலையிறங்கும் காலம்

அமெரிக்க மிஷனரிகள் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்தது 1834ஆம் ஆண்டில். சமவெளியின் வெப்பமும் நோயும் அவர்களை வாட்டின. எனவே 1845இல் கொடைக்கானலில் வீடுகள் கட்டத் தொடங்கினார்கள். நாம் இன்று சுற்றுலா செல்லும் அந்த மலைநகரம் அப்படித்தான் உருவாயிற்று. மோட்டார் சாலை வருவதற்கு முன் குடும்பங்களை டோலியில் வைத்து மலைமேல் சுமந்து சென்றவர்கள் நம் ஊர் மக்களே.

பிள்ளைகளின் படிப்பு அவர்களுக்குப் பெரும் கவலையாக இருந்தது. வேலூர் மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் 1870இல் இராணிப்பேட்டையில் ஒரு மிஷனரி வீட்டில் பிறந்தவர். அவரை அமெரிக்காவில் படிக்க விட்டுவிட்டுத்தான் பெற்றோர் இந்தியாவுக்குத் திரும்பி வந்தார்கள். அக்காலத்து மிஷனரி பிள்ளைகள் பலருக்கும் இதுவே விதி. 1901இல் கொடைக்கானலில் மிஷனரி பிள்ளைகளுக்கென ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. கடல் கடந்த பிரிவு அதன் பிறகு மலையளவு பிரிவாகச் சுருங்கிற்று. ஆயினும் பிரிவு பிரிவுதானே!

பெரிய பாப்பாவும் சின்னத் தம்பியும் அந்தப் பள்ளி விடுதியில் தங்கிப் படித்தவர்கள். நமக்கு நீண்ட விடுமுறை கோடையில் வருகிறது. அவர்களுக்கோ அது குளிர்காலத்தில் வந்தது. “ஐப்பசியில பிள்ளைக மலையிறங்கிரும். தை பொறந்ததும் ஏறிரும்” என்பார் அப்பத்தா. ஆக, ஆண்டில் அந்த மூன்று மாதந்தான் அந்தப் பங்களா வீடாக இருந்தது. மற்ற நாட்களில் அது வெறும் கட்டடம். பிள்ளைகள் வரும் நாளை எண்ணி அந்த அம்மா நாட்காட்டியில் கோடு போட்டுக்கொண்டிருப்பாராம்.

பரங்கிக்காய் விருந்து

பிள்ளைகள் வந்த பிறகு முதலில் வருவது நவம்பர் மாதத்து நன்றி கூறும் நாள். அமெரிக்காவில் 1863இல் ஆபிரகாம் லிங்கன் அறிவித்ததிலிருந்து தொடர்ந்து கொண்டாடப்பட்டுவரும் நாள் அது. நான்காம் வியாழக்கிழமை என்று சட்டத்தால் உறுதி செய்யப்பட்டது 1941இல். அது அறுவடைக்கு நன்றி சொல்லும் விருந்து. நம் பொங்கலுக்கு உறவினர் எனலாம்.

அந்த விருந்துக்கு அவர்கள் ஊரில் வான்கோழி வேண்டும். எங்கள் ஊர்ச் சந்தையில் கிடைத்தது சேவல். அவர்கள் ஊரில் சிவந்த புளிப்புப் பழம் ஒன்றைக் காய்ச்சித் தொட்டுக்கொள்வார்கள். இங்கே அப்பத்தா புளிச்சைச் செடியின் சிவந்த இதழ்களைச் சர்க்கரை சேர்த்துக் காய்ச்சிக் கொடுத்தார். பரங்கிக்காயை வேகவைத்து மசித்து, பால், முட்டை, சர்க்கரை, பட்டை, கிராம்பு, சுக்கு, ஜாதிக்காய் சேர்த்து, மாவுத் தட்டில் ஊற்றிச் சுட்ட இனிப்பு ஒன்றும் உண்டு. “பரங்கிக்காயில கூட்டு வைப்பாக, கொழம்பு வைப்பாக. பலகாரம் சுடுறத அங்கதான் பார்த்தேன்” என்று அப்பத்தா இன்றும் சிரிப்பார்.

வரலாறு படிக்கும் எனக்கு இதில் ஒரு வியப்பு. பரங்கிக்காயின் தாயகம் அமெரிக்கக் கண்டம். பரங்கியர் வழியே வந்ததால்தான் அதற்கு அந்தப் பெயர். மிஷனரிகள் இங்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே அவர்கள் நாட்டுக் காய் இங்கு வந்து, நம் பொங்கல் படையலில் இடம்பிடித்து, அதன் பூ மார்கழிக் கோலத்தில் ஏறி அமர்ந்துவிட்டது. பட்டையும் கிராம்பும் சுக்குமோ நம் பக்கத்துக் கடல்களிலிருந்து அவர்கள் அடுப்படிக்குச் சென்றவை. அயல் நாட்டார் என்று நாம் ஒருவரையொருவர் எண்ணிக்கொண்டிருக்க, நம் அடுப்புகள் மட்டும் முன்னமே உறவு கொண்டாடிவிட்டன!

சவுக்குக் கிளை

அடுத்து வருவது கிறிஸ்துமஸ். பைன் மரத்துக்கு எங்கே போவது? சவுக்குத் தோப்பிலிருந்து ஒரு கிளை வரும். மண் நிரப்பிய வாளியில் அதை நட்டு, கற்களால் முட்டுக் கொடுத்து, சோளப்பொரியை நூலில் கோத்து மாலையாகச் சுற்றுவார்கள். உச்சியில் சிகரெட் அட்டையின் வெள்ளித்தாளில் வெட்டிய நட்சத்திரம். துரை சிகரெட் பிடிப்பவர் அல்லர். பெட்டிக் கடைக்காரரிடம் சொல்லிவைத்து அந்தத் தாளைச் சேர்த்துத் தந்தவர் என் தாத்தா!

இங்கே இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். இந்தக் கொண்டாட்டம் அமெரிக்கர்களுக்கே மிகப் பழமையானதன்று. மாசசூசெட்ஸ் பகுதியில் 1659இல் கிறிஸ்துமஸ் கொண்டாடுவோருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம் விதிக்கும் சட்டம் போட்டார்கள். தூய்மைவாதிகள் அதை வேதத்தில் சொல்லப்படாத வீண் ஆரவாரம் என்று கருதினார்கள். அச்சட்டம் நீக்கப்பட்டது 1681இல். அங்கே டிசம்பர் 25 சட்டப்படி விடுமுறை நாளானது 1856இல். அமெரிக்க மைய அரசு அதை விடுமுறையாக ஏற்றது 1870இல். மரம் நடும் வழக்கமோ ஜெர்மனியிலிருந்து போனது. ஆகவே, 1834இல் முன்னோடிகள் மதுரை வந்தபோது மாசசூசெட்ஸில் சட்டப்படி விடுமுறைகூட ஆகியிராத ஒரு பண்டிகையைத்தான், 130 ஆண்டுகள் கழித்து அதே வழியில் வந்த ஒரு குடும்பம் ‘நம் ஊர்ப் பழக்கம்’ என்று கண்ணீர் மல்கக் கொண்டாடிக்கொண்டிருந்தது. மனிதர்களைப் போலப் பண்டிகைகளும் ஊர் விட்டு ஊர் செல்கின்றன. சென்ற இடத்தில் வேர் விடுகின்றன.

டிசம்பர் 25 விடியலில் பங்களா வாசலில் கோலம் போடுவது அப்பத்தாவின் வேலை. யாரும் சொல்லிச் செய்ததன்று. மார்கழியில் வாசல் வெறுமையாய் இருப்பதை அவர் மனம் ஏற்கவில்லை. ஐந்து முனை நட்சத்திரம் போட்டு, நடுவே பரங்கிப்பூ வைப்பார். சின்னத் தம்பி கால் படாமல் தாண்டித் தாண்டி விளையாடுவானாம்.

பின்கட்டுப் படியில்

1970ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவு. விருந்தாளிகள் போய்விட்டார்கள். பிள்ளைகள் உறங்கிவிட்டார்கள். அப்பத்தா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அந்த அம்மா பின்கட்டுப் படியில் வந்து உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதார். அந்த ஆண்டு அவருடைய தாயார் அமெரிக்காவில் இறந்துபோயிருந்தார். தந்தி வந்தது, போக முடியவில்லை. ஒவ்வோர் ஆண்டும் தாயார் அனுப்பும் பொட்டலம், கப்பலில் வந்து, கிறிஸ்துமஸுக்குப் பிந்தியாவது சேர்ந்துவிடும். இனி அது வராது.

அப்பத்தா காப்பி போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார். என்ன சொல்வதென்று தெரியாமல், “எனக்கும் பிள்ளை வீட்டுல இருக்குதும்மா. காலையில இருந்து பார்க்கல” என்று சொல்லிவிட்டாராம்.

அந்தப் பிள்ளை என் தந்தை. 1968இல் பிறந்தவர். தாய்ப்பால் மறக்கும் முன்பே பாட்டியிடம் விடப்பட்டவர். ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தும், ‘உன் பிள்ளை எங்கே?’ என்று பங்களாவில் எவரும் அதுவரை கேட்டதில்லை. அவர்கள் கொடியவர்கள் அல்லர். கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவே. அப்பத்தாவும் சொன்னதில்லை.

மறு ஆண்டு கிறிஸ்துமஸுக்குப் பிள்ளையையும் அழைத்து வரச் சொன்னார்கள். என் தந்தைக்கும் ஒரு காலுறை தொங்கவிடப்பட்டது. அதில் ஓர் ஆரஞ்சுப் பழமும் வேர்க்கடலையும் ஒரு தகரக் காரும் இருந்தன. “மத்தக் கால் சாக்ஸ் எங்க?” என்று அவர் கேட்டதை அப்பத்தா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். தந்தை அதற்குச் சிரித்து நான் பார்த்ததில்லை. “அன்னைக்கு ராத்திரி என்னைய மட்டும் வீட்டுல கொண்டுபோய் விட்டாக. அம்மா வரல” என்பார்.

1972இல் அந்தக் குடும்பம் நிரந்தரமாக அமெரிக்கா திரும்பியது. “வீட்டுக்குப் போகிறோம்” என்று அந்த அம்மா பிள்ளைகளிடம் சொன்னபோது, சின்னத் தம்பி அப்பத்தாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு, “வீடு இதுதான ஆயா?” என்று தமிழில் கேட்டானாம். பெற்றோருக்கு எது அயல் மண்ணோ அதுவே பிள்ளைகளுக்குச் சொந்த மண்ணாகிவிட்டது. அவனுக்கு விடை சொல்ல அங்கே ஒருவராலும் முடியவில்லை.

சார்ஜாவில் பொங்கல்

என் தந்தை கடந்த பதினான்கு ஆண்டுகளாகச் சார்ஜாவில் வேலை செய்கிறார். ஓர் அறையில் ஆறு பேர். பொங்கலன்று விடுமுறை கிடையாது. விடியற்காலை நான்கு மணிக்கு மின்சாரக் குக்கரில் பொங்கல் வைப்பார்களாம். மூடி போட்டால் பொங்கி வழியாதே! எனவே மூடியைத் திறந்துவிட்டு, பாலைச் சற்றுக் கூடுதலாக ஊற்றி, வேண்டுமென்றே வழியவிட்டு, ‘பொங்கலோ பொங்கல்’ என்று மெதுவாகச் சொல்லிக்கொள்வார்கள். மெதுவாகத்தான், அடுத்த அறையில் இரவு வேலை முடிந்து வந்தவர்கள் உறங்குகிறார்கள் அல்லவா? இதைக் கேட்டபோதுதான் வாளியில் நட்ட சவுக்குக் கிளையின் பொருள் எனக்கு விளங்கிற்று.

இரண்டு ஆண்டுகளாக அப்பத்தாவுக்கு நினைவு தப்பிவருகிறது. காலையில் உண்டது மறந்துவிடுகிறது. பங்களா மட்டும் மறக்கவில்லை. ஐப்பசி பிறந்தால், “பிள்ளைக மலையிறங்கிருச்சா?” என்று கேட்கத் தொடங்கிவிடுகிறார். “இறங்கிருச்சு அத்தை, சாப்பிட்டுத் தூங்குது” என்று என் தாயார் சொன்னால் அமைதியாகிறார்.

சென்ற ஆண்டு தீபாவளியன்று தந்தை தொலைபேசியில் அழைத்தார். கருவியை அப்பத்தாவின் காதருகே பிடித்தேன். தம் மகனின் குரல் அவருக்குத் தெரியவில்லை. “யாரு, சின்னத் தம்பியா? மலையில குளிரா இருக்காய்யா?” என்று கேட்டார். மறுமுனையில் சிறிது நேரம் ஓசையே இல்லை. எனக்கு நெஞ்சு படபடத்தது. எந்தப் பிள்ளைக்காகத் தம் தாயை இழந்ததாகத் தந்தை வாழ்நாளெல்லாம் எண்ணியிருந்தாரோ, அந்தப் பிள்ளையின் பெயரால் அல்லவா தாய் அவரை அழைக்கிறார்!

பிறகு தந்தையின் குரல் கேட்டது. “குளிருதான் ஆயா. நீங்க குடுத்த கம்பளியைப் போத்திக்கிட்டேன். சீக்கிரம் இறங்கி வந்துர்றேன்” என்றார். அப்பத்தாவின் முகத்தில் அன்று கண்ட நிறைவை நான் அதற்கு முன் கண்டதில்லை.

நண்பர்களே! மிஷனரிகள் எழுதிய இலக்கணமும் அகராதியும் கட்டிய பள்ளியும் மருத்துவமனையும் நம் பாடநூல்களில் இருக்கின்றன. இருக்க வேண்டியவையே. ஆனால் அவர்களுக்காகச் சவுக்குக் கிளை வெட்டியவர், டோலி சுமந்தவர், பிள்ளைகளைத் தாலாட்டியவர் ஆகியோரின் வரலாறு எந்த ஏட்டிலும் இல்லை. அது நம் வீட்டுத் திண்ணைகளில்தான் இருக்கிறது. நாள்தோறும் சிறிது சிறிதாகக் கரைந்துகொண்டும் இருக்கிறது. இந்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேட்டை எடுத்துச் செல்லுங்கள். முதியோர் அருகே அமர்ந்து, அவர்கள் சொல்வதைச் சொல்லியவாறே எழுதி வாருங்கள்.