வலது கையா, இடது கையா?

பாரிஸ் போனவர் ஈஃபில் டவரைப் பார்க்காமல்கூட ஊர் திரும்பிவிடலாம். வீட்டுக்காரம்மாவுக்கு சென்ட் வாங்காமல் திரும்ப முடியுமோ? நேரே ஷான்ஸ் எலிஸே சாலைக்குப் போங்கள். 68-ஆம் எண், கெர்லான் கடை. 1914-லிருந்து அங்கேயே இருக்கிறது.

பூ வாசனையில் பவுடர் வாசனை கலந்த ரகம் வேண்டுமென்றால் இரண்டு பெயர்கள் முன்னால் நிற்கும். 'ஆப்ரே லோந்தே' (1906) என்றால் மழை விட்ட பிறகு. 'லூர் ப்ளூ' (1912) என்றால் நீல நேரம், அதாவது அந்தி. இரண்டுமே ஜாக் கெர்லான் கைவண்ணம். இரண்டையும் வாங்க நம்ம பர்ஸ் ஒப்புக்கொள்ளாது!

அந்தப் பவுடர் மணம் ஐரிஸ் பூவிலிருந்து வருவதில்லை சார், கிழங்கிலிருந்து! தோண்டியெடுத்து, உலர்த்தி, சுமார் மூன்று வருஷம் போட்டு வைத்தால்தான் மணக்கும்.

அவ்வளவு பொறுமையாக வந்த வாசனையைக் காகிதத் துண்டில் ஒரு நொடி முகர்ந்து முடிவு பண்ணலாமா? வலது மணிக்கட்டில் ஒன்று, இடதில் ஒன்று போட்டுக்கொண்டு, கான்கார்ட் சதுக்கம் வரை காலாற நடந்துவிட்டு வாருங்கள். போகும்போது மழைதான் ஜெயிக்கும். நனைந்த வயலட் பூ மாதிரி மென்மை. திரும்பும்போது அது அடங்கியிருக்கும். அந்தி மட்டும் கார்னேஷனும் வெனிலாவுமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும்.

ஆனால், போட்டுக்கொள்ளப் போவது உங்கள் கை இல்லையே! காலை பஸ்ஸில் ஆபீஸ் போகிறவர் என்றால் மழை. சாயங்கால ரிசப்ஷனுக்கென்றால் அந்தி. தலையில் மல்லிகைப்பூ வைக்கிற அன்றைக்கு இரண்டுமே வேண்டாம். மல்லிகை யாருக்கும் வழிவிடாது!