கரண்டு வந்த பிறகும் எரியாத விளக்குகள்!

நெல்லை டவுணில் வெளிச்சம் குறைவாக இருப்பதே பெருமையான இடம் ஒன்று உண்டென்றால், அது கீழ ரத வீதி இருட்டுக்கடைதான். நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, மாலையில் திறக்கும் அந்த அல்வாக் கடைக்கு மங்கலான விளக்கே அடையாளம்.

அங்கிருந்து பஸ் ஏறி, ஜங்ஷன் தாண்டி, 1843-ல் சுலோச்சன முதலியார் தன் சொந்தப் பணத்தில் கட்டிய தாமிரபரணிப் பாலத்தைக் கடந்தால் பாளையங்கோட்டை. வ.உ.சி. மைதானம், அண்ணா விளையாட்டரங்கம், பள்ளி, கல்லூரித் திடல்கள் என்று விளையாட்டோடு வளர்ந்த ஊர். இந்தப் பக்கம் இருட்டு வந்தால், ஆட்டம் அவ்வளவுதான்!

நெல்லை வெயிலில் பகலில் பந்தைத் துரத்துவது லேசான காரியமில்லை. வேலைக்குப் போகிறவர்களுக்குப் பொழுது சாய்ந்த பிறகுதான் நேரமும் கிடைக்கும். அதனால்தான் சுற்றுவட்டாரத்துப் போஸ்டர்களில் ‘மின்னொளி’ என்ற சொல்லுக்கு அத்தனை மவுசு.

ஆனி, ஆடிக் காற்றில் ஒரு மரக்கிளை மின்கம்பியில் உரசினால் போதும். “ஏல, கரண்டு போயிட்டு!” என்று திடலே கத்தும். இரண்டே நிமிடத்தில் தெருவிளக்கு வந்துவிடும். டீக்கடை ஃபேன் சுற்றும். திடலின் விளக்குகள் மட்டும் எரியாது. திட்டு விழுவது லைட் போட வந்தவருக்கு.

தவறு அவருடையதல்ல. பழைய மெட்டல் ஹாலைடு விளக்குகளின் குணம் அது. உள்ளே இருக்கும் பாதரச ஆவி சூடாகி, அழுத்தம் ஏறியிருக்கும். அது ஆறினால்தான் மறுபடி பற்றும். கரண்டு ஒரு விநாடி போனாலும் 10 முதல் 20 நிமிடம் காத்திருக்க வேண்டியதுதான். எல்.இ.டி. விளக்குகளில் இந்தத் தொல்லை இல்லை.

அந்த 15 நிமிடத்தில் வீரர்களின் உடம்பு ஆறி, தசை இறுகிவிடும். வெளியூர் அணி கடைசி பஸ்ஸை நினைத்துக் கவலைப்படும். ஒரு கம்பத்து விளக்கு மட்டும் அணைந்தால் இன்னும் ஆபத்து. உயரத்தில் வரும் பந்து கோல்கீப்பருக்குத் தெரியாது.

பெரிய மைதானங்களும் தப்புவதில்லை. 2025 பிப்ரவரி 9 அன்று கட்டாக்கில் நடந்த இந்தியா - இங்கிலாந்து ஒருநாள் கிரிக்கெட் போட்டி, ஒரு கோபுரத்தின் விளக்குகள் அணைந்ததால் அரை மணி நேரம் நின்றது. ஒரு ஜெனரேட்டர் பழுதாக, மாற்று ஜெனரேட்டருக்குப் போகும் வழியில் வீரர்களின் வாகனம் நின்றிருந்ததாக விளக்கம் சொன்னார்கள்!

1944 முதல் பாபநாசத்தில் தாமிரபரணித் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். ஆனால், ஆறு பக்கத்தில் ஓடுவதால் மட்டும் திடலில் விளக்கு நின்று எரியாது. பாதி விளக்குகளை மின் இணைப்பிலும் மீதியை ஜெனரேட்டரிலும் பிரித்துப் போட்டால், ஒன்று போனாலும் திடல் முழுதாக இருளாது. போட்டி நடத்துபவர்கள் கோப்பை வாங்கும் முன் யோசிக்க வேண்டிய செலவு இது.

இருட்டு, அல்வாக் கடையோடு நிற்கட்டும்!