சுவரைப் பார்த்துக் கிடந்தவர்

கந்தளாய்க் குளக்கட்டில் மாலை வேளையில் நிற்பவர்க்குக் குளக்கோட்டு மன்னனின் கதையை நம்பாதிருத்தல் கடினம். அக்கதையைச் சொல்லியே என்னை வளர்த்தவர் என் பெரியப்பா. சீனித் தொழிற்சாலையில் இயந்திரங்களோடு மல்லாடியவர். அது மூடப்பட்டபின் வயலோடு ஒதுங்கியவர். வெற்றிலையும் புகையிலையும் அவர் வாயை விட்டகன்றதில்லை. 2012ஆம் ஆண்டில் அவ்வாயிலேயே புற்று வந்தது.

கொழும்பில் ஒரு வைத்தியசாலையில் சத்திர சிகிச்சையும் கதிரியக்கச் சிகிச்சையுமாக மாதங்கள் கழிந்தன. பின்பு ஒருநாள், "இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள்" என்றார்கள். சொன்னவரை நான் நோகேன். அவர்முன் நின்ற வரிசை அத்துணை நீளமானது. ஆயினும் அவ்வாக்கியம் பிழையானது. செய்யவேண்டியவை அன்றுதான் தொடங்கின என்பதை நாங்கள் பிந்தியே உணர்ந்தோம்.

வீட்டில் அவர் சுவரைப் பார்த்தே கிடந்தார். கன்னத்துப் புண்ணின் நாற்றம் தம்மையே வெட்கப்படுத்தியதாற் போலும். உறவினர் வாசலோடு நின்று நலம் விசாரித்துத் திரும்பினர். கொழும்பில் மோர்பின் மாத்திரைகள் தந்து, நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை கொடுக்கும்படி சொல்லியிருந்தனர். நாங்களோ அவ்வாறு கொடுக்கவில்லை. போதைமருந்து, பழகினால் விடாது, இப்போதே கொடுத்தால் கடைசியிற் கேளாது என்று பெரியம்மாவுக்கு எடுத்துரைத்தவன், வீட்டிலே பல்கலைக்கழகம் சென்ற ஒரே ஆளாகிய நானே. இரவில் அவர் தாங்கமாட்டாது கத்தும்போது ஒன்று, விடியப்புறம் ஒன்று, அவ்வளவே. எஞ்சியவற்றைப் பெரியம்மா தகர டப்பாவொன்றில் இட்டுச் சாமிப் படத்தின் பின்னே வைத்திருந்தார்.

பத்தாம் நாள், அயலில் வாழ்ந்த ஓய்வுபெற்ற சிங்களத் தாதியொருவர் விசாரிக்க வந்தார். மற்றவர்களைப் போல வாசலில் நில்லாமல் நேரே கட்டிலருகிற் சென்றமர்ந்தார். மருந்தைக் கேட்டு வாங்கி, டப்பாவைக் கவிழ்த்து எண்ணினார். மிச்சம் நாற்பது இருந்தன. "இதை யாருக்குச் சேமிக்கிறீங்கள்?" என்று தமக்குத் தெரிந்த தமிழிற் கேட்டார். நான் மறுமொழி கூறவில்லை.

நோவு திரும்பிவருமுன் மருந்து போகவேண்டும் என்பதை அவர்தாம் விளக்கினார். நோவுக்கென அளவோடு உண்பவர் அதற்கு அடிமையாவது அரிதென்பதையும், மோர்பினோடு மலமிளக்கி கட்டாயம் வேண்டுமென்பதையும் சொன்னார். வைத்தியரிடம் கேட்டு, மெற்றோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணிலிடக் கற்றுத் தந்தார். சில நாட்களில் நாற்றம் தணிந்தது. பெரியப்பா சுவரைவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

திரும்பியவர் குழறலாகக் கேட்டது இதுதான்: "தம்பி, நான் சாகப்போறனெண்டு எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாதமாதிரி ஏன் நடிக்கிறியள்?" நாங்கள் அவருக்கு மறைத்ததாக நினைத்திருந்த செய்தியை அவர் எங்களுக்காக மறைத்து வைத்திருந்தார். அதன்பின் அவ்வீட்டிற் பேச்சு உண்டாயிற்று. வயற் கணக்கைச் சொன்னார். ஒரு மாலை முச்சக்கரவண்டியில் ஏற்றிக் குளக்கட்டுக்குக் கொண்டுபோனோம். வெகுநேரம் நீரைப் பார்த்திருந்தார்.

அத்தாதி செய்தது புதுமையன்று என்பதைப் பின்னர் படித்தறிந்தேன். தாதியாகவும் பின் வைத்தியராகவும் பணியாற்றிய சிசிலி சோண்டர்ஸ் அம்மையார் 1967இல் இலண்டனில் சென் கிறிஸ்தோபர் ஹொஸ்பிஸைத் திறந்தார். உடல் நோவோடு மனத்தின் நோவும் குடும்பத்தின் கவலையும் சேர்ந்ததே முழு நோவு என்பது அவர் கொள்கை. 1986 ஏப்பிரலில் எங்கள் குளக்கட்டு உடைந்து வெள்ளம் ஊரழித்தது. பெரியப்பா எதையும் அவ்வெள்ளத்துக்கு முன், பின் என்றே கணக்கிடுவார். அதே ஆண்டிலேதான் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் நோவுக்கான முறையை வெளியிட்டது: மருந்து வாயால், மணிக்கணக்குப்படி, படிப்படியாக வலிமை கூட்டி. எங்கள் வீட்டிலே அது வந்துசேர இருபத்தாறு ஆண்டுகள் சென்றன.

கேரளத்தார் இதில் நமக்கு மூத்தவர்கள். 1993இல் கோழிக்கோட்டில் வைத்தியர்கள் ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் தொடங்கிய நோய்த்தணிப்புப் பணி பின்பு ஊரூராகப் பரவியது. அயலவரே பயிற்சிபெற்று வீடு தேடிச் செல்கின்றனர். 2008இல் மாநில அரசு அதற்கெனக் கொள்கையே வகுத்தது. இங்கே மகரகமையிற் சாந்த செவன என்னும் இல்லத்தைப் புற்றுநோய்ச் சங்கம் நடத்துகின்றது. நற்பணியே, ஆனால் கந்தளாயிலிருந்து இருநூறு கிலோமீற்றருக்கு அப்பால் உள்ளது. சாகக்கிடப்பவர் தம் வீட்டையும் குளத்தையும் விட்டு அவ்வளவு தூரம் போக விரும்புவாரா? கட்டடத்தைவிட, மருந்தை எண்ணத் தெரிந்த ஓர் அயலவர் நமது ஊர்களுக்கு முதலில் வேண்டும் என்பது என் எண்ணம். மருத்துவபீட மாணவர் இதில் என்னோடு முரண்படக்கூடும்.

பெரியப்பா மேலும் ஐந்து வாரம் இருந்தார். பால் பருக்கியபோது முகம் எங்கள் பக்கமே இருந்தது. எட்டுச் செலவு முடிந்தபின் தாதியம்மா வந்தார். டப்பாவில் மூன்று மாத்திரைகள் கிடந்தன. எண்ணிப் பார்த்தவர் ஒன்றும் பேசாது அவற்றைக் கடதாசியில் மடித்து, வைத்தியசாலையில் ஒப்படைப்பதற்கென எடுத்துச் சென்றார்.